மலைச்சரிவில் விழாத அம்மா டைல்ஸ் தரையில் விழுவது ஏன்?

கேள்வி (சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர்): என் அம்மாவுக்கு 73 வயது. ஏற்காடு மலையில் பிறந்து, காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தும் சுமை தூக்கியும் வாழ்ந்தவர். அப்பா தவறிய பிறகு இரண்டு வருஷமாக எங்களோடு சேலத்தில் இருக்கிறார். கடந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். முதல் முறை, விடியற்காலை இருட்டில் பாத்ரூம் போக எழுந்தபோது. அடுத்த முறை, கையில் தண்ணீர்ச் சொம்போடு வந்தவரைப் பேத்தி கூப்பிட, திரும்பியவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், தூக்கத்துக்கும் ஒன்று. பயந்துபோய் இப்போது ஒரு வேலையும் செய்யவிடாமல் உட்கார வைத்திருக்கிறோம். மொட்டை மாடியில் தினமும் அரை மணி நேரம் நடந்தால் போதுமா? வைட்டமின் டி ஊசி போடலாமா? வாக்கர் வாங்கவா? மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போயே தீருவேன் என்கிறார். அழைத்துப் போகலாமா?

பதில் (இயன்முறை மருத்துவர், சேலம்):

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அம்மாவை உட்கார வைத்திருப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறீர்கள். பெரியவர் ஒருவர் விழுந்துவிட்டால் "சும்மா உட்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்பதுதான் எல்லா வீட்டிலும் முதலில் வரும் பேச்சு. ஆனால் அடுத்த முறை விழும் அபாயத்தை அதுவே கூட்டுகிறது. தள்ளாடாமல் நிற்பதும் திரும்புவதும் தினமும் செய்தால்தான் கைவசம் இருக்கும். விட்டால் சில வாரங்களிலேயே தொடைத் தசை இளைக்கும். அதிலும் வயதாகும்போது அதிகம் இளைப்பது சட்டென்று சுருங்கும் வகைத் தசை இழைகள். தடுக்கும்போது காலை வேகமாக முன்னே போட்டு உடம்பைத் தாங்குவதற்கு அவைதான் வேண்டும். போதாக்குறைக்குப் பயமும் சேர்கிறது. பயந்தவர் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, தரையையே பார்த்து, குட்டி குட்டி அடியாக நடப்பார். அந்த நடை பத்திரமானதுபோலத் தெரிந்தாலும் அதில்தான் தடுமாற்றம் அதிகம்.

மலைச்சரிவில் அத்தனை வருஷம் சுமையோடு ஏறி இறங்கியவர் வழவழப்பான சமதரையில் விழுகிறாரே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். காப்பித் தோட்டத்தில் ஒரு அடி வைத்த மாதிரி அடுத்த அடி வைக்க முடியாது. வேர் இருக்கும், கல் இருக்கும், ஈரச் சருகு வழுக்கும், மண் சரியும். ஒவ்வோர் அடியிலும் கணுக்காலும் இடுப்பும் ஏதோ ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். அவருடைய பயிற்சிக்கூடம் அதுதான். உங்கள் வீட்டுத் தரை அவரிடம் இரண்டு வருஷமாக எந்தத் திருத்தமும் கேட்கவில்லை. கூடவே சர்க்கரை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கடிதத்தை வைத்து நான் கணிப்பது இவ்வளவு. நேரில் பரிசோதித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த இரண்டு விழுதல்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் வேறு.

விடியற்காலை விழுந்ததை முதலில் எடுத்துக்கொள்வோம். நாம் நேராக நிற்கிறோமா சாய்கிறோமா என்று மூளைக்கு மூன்று இடத்திலிருந்து செய்தி போகிறது. ஒன்று கண். இன்னொன்று உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு. மூன்றாவது உள்ளங்கால், கணுக்கால் மூட்டு, தசை இவற்றிலிருந்து வரும் உணர்வு. நெடுநாள் சர்க்கரை உள்ளங்கால் நரம்பை மழுங்கச் செய்யும். அப்படி மழுங்கியவர் பகலில் தடுமாறாமல் நடந்துவிடுவார், ஏனென்றால் கண் ஈடுகட்டுகிறது. இருட்டில் அந்தக் கண்ணும் இல்லை. உள்காதை மட்டும் நம்பி நிற்க வேண்டும், அதுவும் வயதோடு தளர்ந்திருக்கும். இதற்கு மேல் படுத்திருந்தவர் சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கலாம். தூக்க மாத்திரையின் மயக்கமும் விடியற்காலையில் முழுதாகத் தெளிந்திருக்காது.

அதனால் பயிற்சிக்கு முன்னால் ஒரு முறை மருத்துவரிடம் போய் வாருங்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், கடையில் நீங்களே வாங்கிய சளி மாத்திரை வரைக்கும். படுத்த நிலையில் ஐந்து நிமிஷம் கழித்து ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மறுபடியும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதைக் கவனித்தாக வேண்டும். பிரஷர் எப்போதும் உட்கார்ந்தபடியே பார்க்கப்படுவதால் இது பலருக்குத் தெரியாமலே போகிறது. உள்ளங்காலில் நைலான் இழை வைத்து உணர்ச்சி பார்க்கும் சோதனையையும் கேளுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுபவர் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்ப்பது நல்லது. அந்த மாத்திரை சிலருக்கு பி12ஐக் குறைக்கும், அதனாலும் கால் நரம்பு கெடும்.

தூக்க மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். நியூசிலாந்தில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், தூக்க மாத்திரை போல மூளையில் வேலை செய்யும் மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்கள் விழுவது சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய அளவு இல்லை. நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தூக்கம் அடியோடு போய், பதற்றமும் வரும். மருத்துவர் சொல்கிறபடி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

இனி இரண்டாவது விழுதல். பேத்தி கூப்பிட்டதும் திரும்பினார், சாய்ந்தார். தரையில் ஈரம் இருந்ததாகவோ எதுவும் தடுக்கியதாகவோ நீங்கள் எழுதவில்லை. இப்படி விழுவது புதிரே இல்லை. இதைப் படம்பிடித்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவில் வான்கூவர் பகுதி முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, 130 பேர் விழுந்த 227 நிகழ்வுகளை ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2013இல் லான்செட் மருத்துவ இதழில் அது வந்தது. அந்த விழுதல்களில் 41 சதவீதத்துக்குக் காரணம் உடல் எடையை ஒரு காலிலிருந்து மற்ற காலுக்குச் சரியாக மாற்றாதது. தடுக்கி விழுந்தது 21 சதவீதம். வழுக்கி விழுந்தது 3 சதவீதம்தான். நம் வீட்டு ஈரக் குளியலறையைக் கணக்கில் எடுத்தால் இங்கே வழுக்குவது இன்னும் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் அந்த 41 சதவீதத்தை நான் மறப்பதில்லை, ஏனென்றால் என்னிடம் வருபவர்கள் சொல்வதும் அதேதான்: "ஒண்ணுமே இல்லைங்க, திரும்புனேன், விழுந்துட்டேன்."

ஒரு காலைத் தூக்குவதற்கு முன்னால் உடம்பின் எடை முழுவதும் மற்ற காலுக்குப் போயாக வேண்டும். இந்த உத்தரவை மூளை முன்கூட்டியே அனுப்பிவிடும். நமக்குத் தெரியாமலே நடக்கிற வேலை இது. வயதாகும்போது அந்த உத்தரவு தாமதமாகிறது, அல்லது எடை பாதி மாறியதும் கால் கிளம்பிவிடுகிறது. அப்புறம், கவனம் பிரிந்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்வீடனில் 1997இல் வெளியான ஓர் ஆய்வு எளிமையானது, ஆனால் ஆழமானது. நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் எந்தப் பெரியவர் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறாரோ, அவர் அடுத்த ஆறு மாதத்தில் விழும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். நடையே முழுக் கவனத்தையும் எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அது அடையாளம். உங்கள் அம்மா கையில் சொம்பு, காதில் பேத்தியின் குரல், உடம்பில் திருப்பம் என்று மூன்றையும் ஒரே நொடியில் சமாளிக்க வேண்டியிருந்தது.

மொட்டை மாடி நடை போதாது என்று நான் சொல்வதும் இதனால்தான். நேராக நடந்தால் நேராக நடப்பது மட்டுமே பழகும். நடை நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது, நிறுத்த வேண்டாம். ஆனால் வெறும் நடையால் விழுதல் குறைகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சமநிலைப் பயிற்சிக்கு அது இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் 108 ஆய்வுகளை, 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் விவரங்களோடு, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி பொதுவாக விழுதலை 23 சதவீதம் குறைத்தது; சமநிலைப் பயிற்சியோடு தசை வலுப் பயிற்சியும் சேர்ந்தபோது சுமார் 34 சதவீதம் குறைந்தது. வயது தாண்டிவிட்டதே என்று நினைக்காதீர்கள். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் உருவாக்கிய வீட்டுப் பயிற்சி முறையை 1997இல் சோதித்தது 80 வயதைத் தாண்டிய பெண்களிடம். அவர்களிடமே பலன் தெரிந்தது. உங்கள் அம்மா அவர்களைவிட இளையவர், மலையில் உழைத்த உடம்பு வேறு.

வீட்டிலேயே முதலில் ஒரு சோதனை. நீங்கள் பக்கத்தில் கை நீட்டித் தயாராக நிற்க வேண்டும். இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து 10 நொடி நிற்கட்டும். பிறகு ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னே தள்ளி 10 நொடி. அடுத்து, ஒரு காலின் குதிகால் மற்ற காலின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் வைத்து 10 நொடி. இந்த மூன்றாவது நிலையில் 10 நொடி நிற்க முடியாவிட்டால் விழும் அபாயம் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம். எந்த நிலையில் தடுமாறுகிறாரோ அங்கிருந்துதான் பயிற்சி தொடங்க வேண்டும்.

பயிற்சிக்குச் சமையல் மேடையைவிட நல்ல இடம் கிடையாது. இடுப்பு உயரம், அசையாது, பிடித்துக்கொள்ளலாம். அடுப்பு இல்லாத பக்கமாக நின்றுகொள்ளட்டும். காலை அகட்டி நின்று எடையை முழுதாக வலது காலுக்கு மாற்றி, இடது குதிகாலை மட்டும் மெல்லத் தூக்கி, ஒரு மூச்சு நின்று, அதே மாதிரி அந்தப் பக்கம். இதுதான் அம்மாவுக்கு முக்கியமான பயிற்சி; இதை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். அதன் பின் குதிகாலை உயர்த்தி விரலில் நிற்பது, விரலை உயர்த்திக் குதிகாலில் நிற்பது, மேடையோரமாகப் பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, ஒரே கோட்டில் அடிமேல் அடி வைத்து நடப்பது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதும் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சறுக்கும், மர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள்.

முதலில் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். பழகப் பழக ஒரு கை, பிறகு விரல் நுனி, பிறகு கை இல்லாமல். கொஞ்சம் ஆட வேண்டும், ஆனால் விழக் கூடாது. அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து உடனே பிடித்துவிடாதீர்கள், அந்த ஆட்டத்தைச் சரிசெய்யத்தான் உடம்பு கற்றுக்கொள்கிறது. ஆட்டமே இல்லாமல் செய்து முடிக்கிற பயிற்சியில் சமநிலைக்கு ஒன்றும் கிடைக்காது. அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

திரும்புவதைத் தனியாகப் பழக்குங்கள். இரண்டு நாற்காலியை இடைவெளி விட்டுப் போட்டு எட்டு வடிவில் சுற்றி வரச் சொல்லுங்கள். காலை ஊன்றியபடி இடுப்பை முறுக்கித் திரும்பாமல், சின்னச் சின்ன அடியாகக் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். இது கைவந்த பிறகு, பாதி நிரப்பிய சொம்பைக் கையில் கொடுத்து நடக்கவிடுங்கள். அப்புறம் மலையில் இருக்கிற சொந்தக்காரர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். பேத்தியையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்: பாட்டி நடக்கும்போது கூப்பிடுவது அவள் வேலை, முதலில் நின்று பிறகு திரும்புவது பாட்டி வேலை. நீங்கள் கை நீட்டும் தூரத்தில் இருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மேலே கட்டிய பாதுகாப்புப் பட்டையோடு பெரியவர்களை நடக்கவிட்டு, வேண்டுமென்றே தரையை வழுக்கவைத்துப் பழக்கினார்கள். ஒரே நாள் பயிற்சி, அதன் பலன் ஒரு வருஷம் வரை நிலைத்தது என்று 2014இல் எழுதினார்கள். இதை எங்கேயாவது படித்துவிட்டு வீட்டில் அம்மாவைத் தள்ளிவிட்டுப் பழக்காதீர்கள். பட்டை இல்லாமல் அது நேரே எலும்பு முறிவில் முடியும்.

எவ்வளவு நேரம்? வாரத்துக்கு மொத்தம் மூன்று மணி நேரம் தொட்டால் பலன் நன்றாகத் தெரிகிறது. ஒரே மூச்சாகச் செய்யத் தேவையில்லை. குக்கர் வைத்துவிட்டு விசில் வரும்வரை ஒரு கோட்டில் நிற்கலாம், பல் தேய்க்கும்போது குதிகால் உயர்த்தலாம். நிறுத்தினால் பலனும் போய்விடும், அதனால் இதற்கு முடிவுத் தேதி கிடையாது. ஆரம்பத்தில் ஒரு இயன்முறை மருத்துவர் நேரில் பார்த்து அளவு சொல்ல வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வைட்டமின் டி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனையில் குறைவு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்கலாம். "சத்துக்கு ஒரு ஊசி" என்று பெரிய அளவை ஒரே தடவையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவு: விழுவது 15 சதவீதம் கூடியது, எலும்பு முறிவும் கூடியது.

வாக்கர் இப்போதைக்கு வேண்டாம். நிலைப்படிகளில் அது மாட்டும், தேவையில்லாமல் பழகினால் கால் அதையே நம்பிவிடும். வெளியே போகும்போது ஒரு கைத்தடி போதும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே தடியின் உயரம். அடியில் ரப்பர் தேய்ந்திருக்கக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியதில் முதலாவது கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு. எழுந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நிற்கட்டும். கழிவறைப் பக்கத்தில் சுவரில் துளையிட்டுப் பதித்த கம்பி வேண்டும். துணி காயப்போடும் கம்பியைப் பிடித்து எழ விடாதீர்கள். வாசலில் சுருண்டுகொள்ளும் மிதியடியை எடுத்துவிடுங்கள். செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல் என்றால் உள்ளங்காலில் எண்ணெய் வேண்டாம், நாற்காலி போட்டு உட்கார்ந்தே குளிக்கட்டும். சேலை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். சர்க்கரை இருப்பதால் வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது. பின்பட்டை உள்ள எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு நல்லது. இரண்டு பார்வையும் சேர்ந்த கண்ணாடி போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டால், படி இறங்கும்போது கீழ்ப்பாதிக் கண்ணாடி வழியாகப் படி மங்கலாகத் தெரியும். வெளியே போகத் தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளட்டும்.

சேர்வராயன் கோயிலுக்கு அழைத்துப் போங்கள் என்றே சொல்கிறேன். மருத்துவர் பார்த்து, இரண்டு மூன்று மாதம் விடாமல் பயிற்சி செய்திருந்தால் போதும். அம்மாவுக்கு அது வெறும் ஆசை மட்டும் இல்லை, பயிற்சி செய்வதற்கு அவருக்கென்று ஒரு காரணம். "கால் வலுவானால் மலைக்குப் போகலாம்" என்று சொன்னால் அவரே உங்களை எழுப்பிப் பயிற்சிக்குக் கூப்பிடுவார். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து போடும் வாந்தி மாத்திரை தூக்கக் கலக்கம் தரும், அது தெளியும்வரை நடக்கவிடாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைக்குக் கடினம். இறங்கும்போது நீங்கள் ஒரு படி கீழே, அவர் பக்கத்தில் இருங்கள். அது குகைக் கோயில் என்பதால் உள்ளே நுழையும் முன் வாசலிலேயே சற்று நின்று கண் இருட்டுக்குப் பழகட்டும். தள்ளுமுள்ளு இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

கடைசியாக, விழுந்தால் எழுவது எப்படி என்பதையும் இப்போதே பழக்குங்கள். பாயில் படுத்து, ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, நான்கு காலில் தவழ்ந்து நாற்காலிக்குப் போய், இருக்கையில் கை வைத்து, வலுவான காலை முன்னே ஊன்றி எழ வேண்டும். எழ முடியாமல் தரையில் கிடப்பது மிக ஆபத்தானது. 1981இல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். பாத்ரூம் கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். விழுந்தவரை அக்குளில் கை கொடுத்துச் சட்டென்று தூக்காதீர்கள். வலி எங்கே, காலை அசைக்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு அவராக எழ நேரம் கொடுங்கள். காலை ஊன்றவே முடியவில்லை, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிகிறது என்றால் அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு வாந்தியோ குழப்பமோ மயக்கமோ வந்தாலும், ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் வெளியே காயமே தெரியாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும்.